கத்திரி வெயிலில் காலை 6 மணிக்குக் கொடி அசைக்காதீர்கள்

தமிழ்நாட்டில் நெடுந்தூர சைக்கிள் பயணங்களை நடத்தும் குழுக்களுக்கும் கிளப்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை 200 கி.மீ. பயணங்களைக் காலை 6 மணிக்குத் தொடங்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். கோடையில் சைக்கிளை மூலையில் சாத்திவைக்கச் சொல்லவில்லை. எந்த நேரத்தில் தொடங்குவது, எதை அளந்து பார்த்து முடிவெடுப்பது, கன்ட்ரோலில், அதாவது வழியில் கார்டில் முத்திரை வாங்க நிற்கும் சோதனை நிலையத்தில், என்ன வைத்திருப்பது என்ற மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன. அந்த மூன்றைப் பற்றித்தான் பேச்சு.

முதலில் கணக்கு. குறித்த நேரத்துக்குள் முடித்தால் அங்கீகாரம் தரும் நெடுந்தூரப் பயண முறையான பி.ஆர்.எம். விதிப்படி 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி நேரம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் 200-ஐ முடிக்க இரவு 7.30 வரை அவகாசம் இருக்கிறது. மணிக்கு 30 கி.மீ. ஓட்டும் அனுபவசாலி மதியம் 1 மணிக்கெல்லாம் முடித்துக் குளித்துவிடுவார். 17, 18 கி.மீ. வேகத்தில் போகும் புதியவர் காலை 8 முதல் மாலை 6 வரை வெயில் முழுவதையும் தன் முதுகில் வாங்குகிறார். யாருக்குப் பழக்கமும் பயிற்சியும் குறைவோ அவர்தான் அதிக நேரம் வெயிலில் நிற்கிறார்.

இன்னொரு கணக்கும் உண்டு. நல்ல பருவத்தில் சராசரி 20 கி.மீ. வேகத்தில் உருட்டுகிற ஒருவருக்கு 200 கி.மீ.க்கு 10 மணி நேரம் ஆகும். ஓய்வுக்கு 3 மணி 30 நிமிடம் மிஞ்சும். வெயிலில் அதே ஆளின் வேகம் 17.5-க்கு இறங்கினால் ஓட்டுவதற்கே 11 மணி 25 நிமிடம் போய்விடும். மீதி 2 மணி நேரம்தான். நிழலில் உட்கார வேண்டிய நேரம் கூட வேண்டிய நாளில்தான் கையிலிருக்கும் நேரம் குறைகிறது. மதியம் 1 மணிக்கு, கன்ட்ரோல் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்து சேர்கிறவர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளக்கூட நிற்க மாட்டார். பயணக் கார்டில் முத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். இது அவருடைய பிடிவாதத்தால் வருவதில்லை. நீங்கள் குறித்த தொடக்க நேரம் அவரை அந்த இடத்தில் கொண்டு நிறுத்துகிறது.

நேர வரம்பை நீங்கள் மாற்ற முடியாது. அங்கீகாரம் வேண்டுமென்றால் தூரத்தையும் வழியில் குறைக்க முடியாது. தொடங்கும் மணியை மாற்றலாம். மாலை 6 மணிக்குக் கிளம்பினால் அதே 13 மணி 30 நிமிடம் மறுநாள் காலை 7.30-க்கு முடிகிறது. மே மாதத்தில் சென்னையில் சூரியன் 5.45-ஐ ஒட்டி எழுகிறது. கடைசியாக வருகிறவரும் இளவெயிலோடு தப்பிவிடுவார். 300-க்கு இந்த வழி உதவாது. 20 மணி நேரத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் நாலைந்து மணி நேரக் கடும் வெயில் உள்ளே வந்தே தீரும். மாலை 4 மணிக்குத் தொடங்கினால் அது களைத்துப்போன கடைசி நேரத்தில் வரும், இன்னும் மோசம். எனவே 300-ம் அதற்கு மேலும் இந்த மாதங்களில் வேண்டாம். ஜூலைக்குப் பிறகு வையுங்கள். பயண நாள்காட்டியை அங்கீகாரத்துக்காக முந்தைய ஆண்டிலேயே அனுப்ப வேண்டியிருப்பதால் இந்த முடிவையும் அப்போதே எடுக்க வேண்டும். மே மாதம் வந்தபின் கையைப் பிசைவதில் பயனில்லை.

நாள்காட்டி என்றதும் கத்திரியைச் சொல்ல வேண்டும். பஞ்சாங்கத்தில் அக்கினி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. "கத்திரிதான் முடிந்துவிட்டதே" என்று ஜூன் முதல் வாரத்தில் பயணம் வைப்பதைப் பார்க்கிறோம். சென்னையில் நுங்கம்பாக்கம் நிலையம் 45 டிகிரியைத் தொட்டது 2003 மே மாதத்தின் கடைசியில், கத்திரி முடிந்த பிறகு. காரணம் காற்று. ஏப்ரலில் முற்பகலிலேயே கடற்காற்று உள்ளே வந்து வெப்பத்தைத் தடுத்துவிடும். மே இறுதியிலும் ஜூனிலும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று வலுத்து, கடற்காற்றைப் பிற்பகல் வரை கரையிலேயே நிறுத்திவிடும். கோவைக்கு இது பொருந்தாது. அங்கே மார்ச்சும் ஏப்ரலும்தான் கடுமை, ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியே குளிர்ந்த காற்று வந்துவிடுகிறது. ஆக, மாநிலம் முழுவதற்கும் ஒரே தேதி போதாது. ஊருக்கு ஒரு கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கை எதை வைத்துப் போடுவது? செய்தியில் சொல்லும் டிகிரியை வைத்துப் போட்டால் தவறிவிடும். உடம்பு குளிர்வது வியர்வை ஆவியாவதால். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டுமே தவிர ஆவியாகாது. சொட்டிய வியர்வை தண்ணீரையும் உப்பையும் கொண்டுபோகும், சூட்டைக் கொண்டுபோகாது. அதனால்தான் விளையாட்டுத் துறையில் டபிள்யூ.பி.ஜி.டி. என்ற அளவைப் பார்க்கிறார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதில் 70 விழுக்காடு, வெயிலில் வைத்த கருங்குண்டுக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவதில் 20 விழுக்காடு, சாதாரண வெப்பமானி காட்டுவதில் 10 விழுக்காடு. மூன்றையும் கூட்டினால் அந்த எண் வரும்.

ஒரு எடுத்துக்காட்டு. வேலூரில் மதியம் 41 டிகிரி, ஈரப்பதம் 25 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஈரத்துணி வெப்பமானி ஏறத்தாழ 25 காட்டும். கருங்குண்டு 56 காட்டினால் கூட்டுத்தொகை 33-ஐ ஒட்டி வரும். மாமல்லபுரத்தில் காலை 10 மணிக்கு 34 டிகிரி, ஈரப்பதம் 65. ஈரத்துணி 28.5 காட்டும், கருங்குண்டு 48 என்றால் இங்கும் 33-தான். வேலூரின் 41-ம் கடற்கரையின் 34-ம் ஓட்டுகிறவர் உடம்புக்கு ஒன்றே. "இன்று 34 தானே, ஈ.சி.ஆர். பக்கம் காற்றடிக்கும்" என்று சொல்லிப் புதியவர்களை அழைத்துப் போகும் ஞாயிற்றுக்கிழமை கிளப்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

தொழில்முறைப் பந்தயங்களுக்குச் சர்வதேச சைக்கிள் ஒன்றியம் வகுத்த வெப்ப விதிமுறையில் 28-க்கு மேல் சிவப்புப் பகுதி. அப்படி ஆனால் நேரத்தை மாற்றுவது, தூரத்தைக் குறைப்பது, பந்தயத்தையே நிறுத்துவது பற்றி மருத்துவர்களோடும் ஓட்டுநர்களோடும் உட்கார்ந்து பேசியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் டூர் டவுன் அண்டர் பந்தயத்தில் 2018-இல் வெப்பத்துக்காக மூன்றாம் நாள் தூரத்தையே குறைத்தார்கள். ஊதியம் வாங்கிக்கொண்டு, பின்னால் ஐஸ் பெட்டியோடு கார் வர, மருத்துவர் கூடவே இருக்க ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஏற்பாடு. நம் ஊரில் முதல் 200-ஐ ஓட்டும் வங்கி ஊழியருக்குப் பின்னால் யாரும் வருவதில்லை.

அந்த 28-ஐ அப்படியே இங்கே எடுத்துக்கொண்டால் மே மாதத்தில் சென்னைக் கடற்கரையில் இரவில்கூட ஓட்ட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். இரவு 9 மணிக்கு 31 டிகிரி, ஈரப்பதம் 75 இருந்தால் வெயிலே இல்லாமலும் 28-ஐத் தாண்டும். விடியற்காலை 4 மணிக்குத்தான் 27 வாக்கில் இறங்கும். எனவே எங்கள் பரிந்துரை இது. 28 வரை வழக்கம்போல ஓட்டலாம். 28-லிருந்து 30 வரை தண்ணீர் நிலையங்களை நெருக்கமாக வைத்து, வேகத்தைக் குறைக்கச் சொல்லி, வெயிலுக்குப் பழகாதவர்களை அனுப்பாமல் ஓட்டலாம். 30-ஐத் தாண்டினால் கிளப் பயணம் அருகிலுள்ள நிழலில் முடிந்துவிட வேண்டும். 32-ஐத் தாண்டினால் எவ்வளவு பெரிய நிகழ்வானாலும் நிறுத்த வேண்டும். கையடக்க மீட்டர் ஒன்று கிளப்புக்குப் போதும், ஆளுக்கொன்று தேவையில்லை. அதுவும் இல்லையென்றால் இரண்டு சாதாரண வெப்பமானி வாங்கி, ஒன்றின் குமிழில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றிக் காற்றில் சுழற்றிப் பாருங்கள். ஈரத்துணி வெப்பமானி காலை 7 மணிக்கே 28 காட்டினால் அன்றைக்குப் பத்து மணி எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

"நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று ஓட்டம் தொடங்குமுன் சொல்வதோடு பொறுப்பு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சொல் ஏன் போதாது என்பதையும் எண்களாகவே சொல்கிறோம். பெடலில் 150 வாட் கொடுக்க உடம்பு 680 வாட் அளவுக்கு எரிக்கிறது. மீதி 530 வாட் வெறும் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற மணிக்கு 800 மி.லி. வியர்வை முழுதாக ஆவியாக வேண்டும். மூன்றில் ஒரு பங்கு சொட்டிப்போகும் கடற்கரைக் காற்றில் 1.2 லிட்டர் போகும். வயிறோ, ஓடிக்கொண்டிருக்கும்போது மணிக்கு 800 மி.லி. சுமாருக்குமேல் ஏற்பது கடினம். மணிக்கு 400 மி.லி. கடன். வெயிலில் 8 மணி நேரம் என்றால் 3.2 லிட்டர்; 70 கிலோ எடையுள்ளவருக்கு அது எடையில் நாலரை விழுக்காடு. எவ்வளவு ஒழுங்காகக் குடித்தாலும் இந்தக் கடன் அடையாது. வெயிலில் இருக்கும் மணி நேரத்தைக் குறைப்பதுதான் ஒரே வழி. தொடக்க நேரத்தையே திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இன்னொரு ஆபத்து வரும். இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். கை விரல்கள் உப்பி மோதிரம் இறுகும், தலைவலி, குமட்டல், பிறகு குழப்பம். பார்வைக்கு வெயில் மயக்கம் போலவே இருப்பதால் பக்கத்திலிருப்பவர் மேலும் தண்ணீர் கொடுத்து நிலைமையைக் கெடுத்துவிடுவார். மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு கடையிலும் ஒரு பாட்டில் காலி செய்கிறவருக்குத்தான் இது அதிகம் வருகிறது. அவரவர் அளவு அவரவருக்குத் தெரிய வேண்டும். ஒரு மணி நேரம் வெயிலில் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும், உடம்பைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர். இடையில் குடித்ததையும் அதோடு கூட்டினால் அவருடைய ஒரு மணி நேர வியர்வை. இந்தச் சோதனையைப் பதிவுக்கு முந்தைய மாதம் செய்துவரச் சொல்லுங்கள்.

உப்புக் கணக்கு: 750 மி.லி. பாட்டிலுக்கு ஒன்றரை கிராம் உப்பு, அதாவது கால் தேக்கரண்டி. கூட எலுமிச்சையும் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும். சுமார் 600 மி.கிராம் சோடியம் கிடைக்கும். ஓ.ஆர்.எஸ். இதைவிட உப்பானது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு 20.5 கிராம் பொடி. சோடியம் 1,700 மி.கிராமைத் தாண்டும். பெரிய பொட்டலத்தை 750 மி.லி. பாட்டிலில் கொட்டிக் கலக்குவது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கெட்டியாகக் கலந்தால் வயிற்றில் தேங்கிக் குமட்டும். லிட்டர் பொட்டலத்துக்கு லிட்டர் தண்ணீர், 200 மி.லி. பொட்டலத்துக்கு 200 மி.லி., அவ்வளவுதான். கடைகளில் அந்த மூன்றெழுத்தோடு விற்றுவந்த இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கிக் கன்ட்ரோலில் அடுக்காதீர்கள். அந்தப் பெயரை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது.

இளநீரைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் கொஞ்சம். வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். எனவே இளநீர் நல்லது, ஆனால் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால்தான் வேலைக்காகும். உப்புப் போட்ட நீர்மோர் அதைவிடச் சிறந்தது. தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் கன்ட்ரோலில் வைத்துப் பாருங்கள், எந்த ஜெல் பாக்கெட்டும் போட்டி போட முடியாது. சாக்லேட் பூசிய பார்களை விடுங்கள். அரை மணியில் உருகிச் சட்டைப் பையோடு ஒட்டிக்கொள்ளும். கடலை மிட்டாய் உருகாது.

இனி ஐஸ். கோடையில் நடத்துகிற குழுவின் தரத்தை ஐஸ் இருப்பை வைத்தே சொல்லிவிடலாம் என்பது எங்கள் எண்ணம். ஆளுக்கு ஒரு நிறுத்தத்தில் ஒரு கிலோ என்று கணக்கு வையுங்கள். 40 பேருக்கு 40 கிலோ. மெல்லிய நைலான் காலுறையில் 300 கிராம் நிரப்பி முடிந்து, சட்டைக்குள் பிடரிக்கும் முதுகுக்கும் நடுவே வைத்தால் 20, 30 நிமிடம் உருகி வழிந்துகொண்டே இருக்கும். ஈ.சி.ஆர். நெடுக மீனவர் ஊர்களில் ஐஸ் பார் எளிதாகக் கிடைக்கிறது. அது மீனுக்கான ஐஸ். உடம்பில் வைக்கலாம், துண்டை நனைக்கலாம், தொட்டியில் போடலாம். பாட்டிலுக்குள் மட்டும் போகக் கூடாது. குடிக்கும் ஐஸைத் தனிப் பெட்டியில், தனி நிறத் துணி கட்டி வையுங்கள். களைத்து வருகிறவர் எந்தப் பெட்டி என்று பார்க்க மாட்டார். பெட்டியின் மேல் நனைத்த சாக்கைப் போர்த்தி நிழலில் வைத்தால் மதியம்வரை தாங்கும்.

தண்ணீர் நிலையங்கள் 25 கி.மீ.க்கு ஒன்று வேண்டும். கல்பாக்கத்தைத் தாண்டி மரக்காணம் உப்பளங்கள் வரும் பகுதியில் பல கி.மீ.க்கு மரமும் இல்லை, கடையும் குறைவு. அங்கே இடைவெளியை இன்னும் சுருக்குங்கள். திரும்பி வடக்கே வரும்போது இன்னொன்று நடக்கிறது. கோடையில் தெற்கிலிருந்து காற்று பின்னால் தள்ளும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகிறவரை அதே வேகக் காற்று பின்னிருந்து தள்ளினால், அவர் உடம்பின் மேல் காற்றே படாது. கால் சுலபமாக உணரும், உடம்பு அடுப்பில் இருக்கும். போகும்போது எதிர்க்காற்றோடு போராடியவர் அங்கே விழாமல், சுகமாகத் திரும்பும்போது விழுவது இதனால்தான். மலையேற்றத்திலும் இதே கதை. மலைக்குப் போனால் குளிர்ச்சி என்று ஏலகிரியையோ ஏற்காட்டையோ கொல்லிமலையையோ கோடைக்குத் தேர்ந்தெடுக்கிறீர்கள். குளிர்ச்சி உச்சியில் இருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளை மணிக்கு 8 கி.மீ. வேகத்தில், காற்றே படாமல், பக்கத்துப் பாறை அனல் வீச, காலை 9 மணிக்கு ஏறுகிறவருக்கு அந்தக் குளிர்ச்சி எட்டவே எட்டாமல் போகலாம். மலை என்றால் விடியுமுன் ஏறத் தொடங்குங்கள்.

சைக்கிளைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். ஏ.சி. அறையில் 25 டிகிரியில் 80 பி.எஸ்.ஐ. அடித்த டயர், தார்ச்சாலையில் 60 டிகிரிக்குச் சூடானால் 91-ஐத் தொடும். தட்டையான சாலையில் நல்ல டயர் இதைத் தாங்கிவிடும். ஓரத்தில் வெடிப்பு விட்ட பழைய டயரும், ரிம் நாடா நகர்ந்த சக்கரமும் தாங்காது. மலையிறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் சக்கர விளிம்பையே பிடிக்கும் ரிம் பிரேக் சைக்கிளில் அதற்கு மேலும் சூடேறும்; 2015 ஓமான் பந்தயத்தில் அனல் வெயிலில் இறக்கத்தில் டயர்கள் வெடித்து, மணற்காற்றும் சேர்ந்துகொள்ள, ஓட்டுநர்களே நின்றுவிட்டு ஒரு நாள் பந்தயம் ரத்தானது. வழக்கமான காற்றில் 5 முதல் 8 பி.எஸ்.ஐ. குறையுங்கள், இறக்கத்தில் விட்டு விட்டுப் பிரேக் பிடியுங்கள், பாதி வழியில் ஒருமுறை நின்று சக்கரம் ஆறட்டும். ட்யூப்லெஸ் டயருக்குள் ஓட்டையை அடைக்க ஊற்றும் சீலண்ட் திரவம் இந்தச் சூட்டில் ஒன்றிரண்டு மாதத்திலேயே காய்ந்து ரப்பர் உருண்டையாகிவிடும், ஏப்ரல் தொடக்கத்தில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தானே ஒட்டும் பேட்ச் சூட்டில் உரிந்து வரும். சொல்யூஷன் தடவி ஒட்டும் பழைய முறைதான் நிற்கும், அந்த சொல்யூஷன் குழாயும் ஒருமுறை திறந்தால் காற்றில் பறந்து காலியாகிவிடுவதால் புதிது ஒன்றும் இரண்டு ட்யூபும் வேண்டும். மூடிய காருக்குள் சைக்கிளையோ டயருக்குக் காற்றடிக்கும் சிறு கேஸ் சிலிண்டரையோ பேட்டரி விளக்கையோ வெயிலில் விட்டு வைக்காதீர்கள்.

உடைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளிர்நிற மெல்லிய முழுக்கைச் சட்டை, நனைக்கக்கூடிய கை உறை, ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்காமல் ஒரு மெல்லிய தொப்பி. உப்புப் படிந்த பிப் ஷார்ட்ஸோடு (தோள்பட்டை வைத்த சைக்கிள் கால்சட்டை) 8 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் தோல் உரியும். பாதி வழிக் கன்ட்ரோலில் மாற்றுடை வைக்க இடம் கொடுங்கள்.

சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் ஒருவருக்கு வெயில் பழகியிருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஏ.சி. படுக்கையறை, ஏ.சி. கார், ஏ.சி. அலுவலகம் என்று இருப்பவரின் உடம்பு வெயிலைக் கண்டதே இல்லை. 10 முதல் 14 நாள், தினம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் சூட்டில் மிதமாக ஓட்டினால்தான் இரத்தத்தின் நீரளவு கூடி, வியர்வை முன்கூட்டியே சுரந்து, அதில் உப்பும் குறையும். ஓரிரு வாரம் விட்டுவிட்டால் அது கரையத் தொடங்கும். பதிவுப் படிவத்தில் இதைக் கேளுங்கள். கூடவே, கடந்த ஒரு வாரத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உண்டா, இரத்த அழுத்த மாத்திரையோ சிறுநீர் பெருக்கும் மாத்திரையோ எடுக்கிறாரா, முன்பு வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) வந்ததா என்றும் கேளுங்கள். வலிக்காக இபுபுரூஃபன் போட்டுக்கொண்டு ஓட்டக் கூடாது என்று தெளிவாக எழுதுங்கள். நீர் வற்றிய சிறுநீரகத்தை அது மேலும் தாக்கும்.

இந்த மடலில் ஒரு பகுதியை மட்டும் அச்செடுத்துத் தன்னார்வலர் கையில் கொடுப்பீர்கள் என்றால் அது அடுத்து வருவதாக இருக்கட்டும்.

வெப்பத் தாக்கு வந்தவரின் தோல் காய்ந்திருக்கும் என்று பலரும் படித்திருக்கிறார்கள். உழைத்துக்கொண்டிருக்கும்போது தாக்குண்டவர் தொப்பலாக வியர்த்தபடியே இருக்கலாம். தோலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பேச்சைப் பாருங்கள். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "கார்டை எடுங்க, உங்க நம்பர் என்ன, அடுத்த கன்ட்ரோல் எங்கே?" என்று கேளுங்கள். எந்தப் பையில் கார்டு இருக்கிறது என்று தடுமாறுகிறவர், காரணமில்லாமல் எரிந்து விழுகிறவர், ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளீட்டைக் கழற்ற முடியாமல் சாய்கிறவர், நேர்கோட்டில் வராமல் அலைந்து வந்தவர் ஆகியோரை உட்காரவைத்து, 15 நிமிடம் தலையிலும் பிடரியிலும் ஐஸ் வைத்து, மறுபடி கேட்காமல் அனுப்பக் கூடாது. நெற்றிக்கு நேரே காட்டும் வெப்பமானியை நம்பாதீர்கள். வியர்வையும் காற்றும் பட்ட தோலில் அது குறைத்தே காட்டும், உள்ளே 41 இருக்கும்போது வெளியே 37 என்று சொல்லும்.

நின்ற மாத்திரத்தில் தலைசுற்றி விழுந்தவர், படுக்கவைத்துக் காலை உயர்த்தியதும் ஓரிரு நிமிடத்தில் தெளிவாகப் பேசினால் அது பெரும்பாலும் கால்களில் இரத்தம் தேங்கியதால் வந்த மயக்கம். தெளியவில்லை, உளறுகிறார், வலிப்பு வருகிறது என்றால் வெப்பத் தாக்கு என்றே கொள்ளுங்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுபோவது. இந்த வரிசை மாறினால் உறுப்புகள் கெடும். மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் தார்ப்பாய் ஒன்று போதும். ஹெல்மெட், ஷூ, சட்டையைக் கழற்றி அவரை அதில் படுக்கவைத்து, நாலு முதல் ஆறு பேர் ஓரங்களைத் தூக்கித் தொட்டி போலப் பிடிக்க, 20 லிட்டர் கேன் ஐந்தும் 20 கிலோ ஐஸும் கொட்டுங்கள். முகம் தண்ணீருக்கு மேலே இருக்க, ஒருவர் தலையை மட்டும் பிடித்துக்கொள்ளட்டும். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாத தண்ணீரில் உடம்பைச் சுற்றி ஒரு சூடான படலம் நின்றுவிடும். ஐஸ் தண்ணீரில் உடம்பு நிமிடத்துக்கு 0.2 டிகிரி வாக்கில் இறங்கும். 41.5-லிருந்து 39-க்கு வர 12, 13 நிமிடம். உள்வெப்பத்தை அளக்கத் தெரிந்த மருத்துவர் இல்லையென்றால் 15 நிமிடம் வைத்துவிட்டு எடுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரை ஏறும். பாராசிட்டமால் வேண்டாம், இது காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது. தெளிந்து எழுந்து "நான் ஓட்டறேன்" என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

தார்ப்பாய், ஐந்து கேன், 20 கிலோ ஐஸ். ஒரு கன்ட்ரோலுக்கு இவை பெரிய செலவில்லை. மதியம் 11 முதல் 4 வரை திறந்திருக்கும் ஒவ்வொரு கன்ட்ரோலிலும் இது இருக்க வேண்டும். ஆறு பேர் சேர்ந்து, பயணத்துக்கு முந்தைய வாரம், ஒருமுறையாவது ஒருவரைப் படுக்கவைத்துத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

இரவுப் பயணத்துக்கு மாறினால் வெயிலின் ஆபத்து போய்ச் சாலையின் ஆபத்து வருகிறது என்று நீங்கள் சொல்வது சரிதான். அதை நாங்களும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. விளக்கில்லாமல் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டி, சாலையில் படுத்திருக்கும் மாடு, வண்ணம் அழிந்த வேகத்தடை, துரத்தும் நாய் எல்லாம் உண்மை. சனிக்கிழமை இரவில் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே பயணம் வேண்டாம்; குடித்துவிட்டு ஓட்டும் கார்கள் அதிகம். மாமல்லபுரத்திலேயே தொடக்கத்தை வைத்துத் தெற்கே போங்கள், அல்லது வெள்ளிக்கிழமை இரவைத் தேர்ந்தெடுங்கள். முன்விளக்கும் பின்விளக்கும் சைக்கிளோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும், ஒளி திருப்பும் மேலாடை அணிய வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. தொடக்கத்தில் ஒவ்வொன்றையும் எரியவிட்டுப் பாருங்கள். 11 மணி நேரம் எரிய வேண்டிய விளக்குக்கு மாற்றுப் பேட்டரி கேளுங்கள். புதியவர்களை நாலைந்து பேராகச் சேர்த்து அனுப்புங்கள். அதிகாலை 3 மணிக்கு ஒரு கன்ட்ரோலில் பாயும் தலையணையும் போட்டு வையுங்கள்; 20 நிமிடத் தூக்கம் பலரைக் காப்பாற்றும். முடித்தவரைத் தனியே வண்டி ஓட்டி வீடு திரும்ப விடாதீர்கள். சாலையின் ஆபத்துக்கு விளக்கும், கூட்டமும், வழித்தேர்வும் இருக்கின்றன. நண்பகல் வெயிலுக்கு எதிராகச் சைக்கிள்காரர் கையில் எதுவும் இல்லை.

வாராந்திரக் கிளப் பயணங்களுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவைப்படாது. 4.30-க்குக் கிளம்பி 7.30-க்குள் வீடு. காபிக்கு நின்று 9 மணி ஆக்கும் பழக்கத்தைக் கோடை முடியும் வரை தள்ளிவைத்தால் போதும்.

வழியில் நிறுத்திக்கொள்கிறவரை ஏற்றிவர ஒரு வேன் தயாராக இருக்கிறது என்று தொடக்கத்திலேயே அறிவியுங்கள், எண்ணையும் கார்டின் பின்புறம் அச்சிடுங்கள். பலர் முடியாத நிலையிலும் ஓட்டுவதற்கு முக்கியக் காரணம் வீரம் இல்லை. நடுச்சாலையில் நின்றால் எப்படித் திரும்புவது என்று தெரியாததுதான்.

அடுத்த ஆண்டுக்கான தேதிகளை அனுப்பும்போது ஏப்ரல், மே, ஜூன் வரிசையில் இருக்கும் ஒவ்வொரு 200-க்கும் எதிரே தொடக்க நேரத்தையும் குறித்து, பதிவு திறக்குமுன் வெளியிடுங்கள். மாலை 6 மணி என்று அங்கே இருந்தால் தன்னார்வலராக இரவு முழுவதும் தார்ப்பாயோடும் ஐஸ் பெட்டியோடும் எங்களில் சிலர் வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
இந்தச் சாலைகளில் நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களும், சைக்கிள் பழுது பார்க்கிறவர்களும், கன்ட்ரோல்களில் முதலுதவிக்கு நிற்கிறவர்களும்